16 ஜிபி ஆன பிறகு வேகம் குறைந்த கம்ப்யூட்டர்: டூயல் சேனல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ராம் கூட்டினால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்பது கடைக்காரர் முதல் வாடிக்கையாளர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்துப்போன ஒரு டெஸ்க்டாப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. விண்டோஸ் 16 ஜிபி என்று சரியாகவே காட்டியது. ஆனாலும் 8 ஜிபியோடு இருந்த நாளைவிட வீடியோ வேலையில் அது மெதுவாக ஓடியது. உரிமையாளர் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் உண்மையிலேயே பறிபோயிருந்தது.

புகார்

போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கவும் வீடியோ தொகுக்கவும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் இது. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி செயலி, பி450 சிப்செட் கொண்ட, ராம் செருக நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு, எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. செயலிக்குள்ளேயே இருக்கும் ரேடியான் கிராபிக்ஸ்தான் திரை வேலை முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. வாங்கும்போது 8 ஜிபி ராம் ஒன்று மட்டும் இருந்தது. ஆல்பம் கோப்புகள் பெரிதாகப் பெரிதாக இடம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபி ராமை உரிமையாளர் வாங்கினார். விற்ற கடையிலேயே பொருத்தியும் கொடுத்துவிட்டார்கள்.

“ஆல்பம் ஃபைல் எல்லாம் இப்போது நன்றாகத் திறக்கிறது தம்பி. ஆனால் வீடியோ ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட அதிகமாகத் தடுக்கிறது. ராம் போட்ட பிறகுதான் இப்படி” என்றார் அவர். கடையில் கேட்டபோது விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொன்னார்களாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார். மாற்றமில்லை.

இப்படி ஒரே ஆள் இரண்டு எதிரெதிரான விஷயங்களைச் சொல்லும்போது இரண்டையும் நம்பித் தொடங்குவதுதான் நல்லது. ஆல்பம் எளிதாகத் திறப்பதற்குக் காரணம் இடம். 8 ஜிபி நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் தள்ளிவைக்கும். 16 ஜிபியில் அந்தத் தள்ளுமுள்ளு பெரும்பாலும் நின்றுவிடும். வீடியோ முன்னோட்டம் தடுக்குவது வேறு வகை. அங்கே கேள்வி எவ்வளவு இடம் இருக்கிறது என்பதல்ல. அந்த இடத்துக்கும் செயலிக்கும் நடுவே வினாடிக்கு எவ்வளவு தரவு போய்வர முடிகிறது என்பதுதான். இடம் கூடி, போக்குவரத்து குறைந்திருந்தால் அவர் சொன்ன இரண்டும் ஒருசேரப் பொருந்தும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கம், நினைவகம். 16 ஜிபி. வேகம் 2666. பயன்பாட்டில் உள்ள ஸ்லாட்டுகள்: நான்கில் இரண்டு. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பக்கம் சொல்வது அனைத்தும் சரி. ஆனால் எந்த இரண்டு ஸ்லாட், அவை எந்தச் சேனலைச் சேர்ந்தவை, அதாவது ராமுக்கும் செயலிக்கும் நடுவே தரவு போய்வரும் எந்தப் பாதையைச் சேர்ந்தவை என்பதை இது சொல்வதேயில்லை.

அதைச் சொல்வது சிபியு-இசட் என்ற இலவசச் சிறு மென்பொருள். அதன் மெமரி தாவலில் சேனல் என்ற கட்டம் ஒன்று உண்டு. பழைய பதிப்புகளில் சிங்கிள் அல்லது டூயல் என்று காட்டும். புதிய பதிப்புகளில் 1 x 64 பிட் அல்லது 2 x 64 பிட் என்று காட்டும். இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது 1 x 64 பிட். அதே பக்கத்தில் டிராம் அதிர்வெண் 1333 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. டிடிஆர் நினைவகம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை நகர்த்துவதால் 1333ஐ இரண்டால் பெருக்க வேண்டும். அதுதான் டாஸ்க் மேனேஜர் சொன்ன 2666. இதைப் பார்த்து ராம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதறுபவர்கள் உண்டு. அந்தப் பதற்றம் தேவையில்லை. பதற வேண்டியது சேனல் கட்டத்தைப் பார்த்துத்தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். டிஎம்ஐடீகோட் என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் ஒவ்வொரு ராமும் எந்தச் சேனலில், எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

ஸ்லாட்டும் லேபிளும்

மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், விடை கண்ணெதிரிலேயே இருந்தது. செயலியின் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் இரண்டு ராம்கள் தோளோடு தோள் நின்றன. அடுத்த இரண்டும் காலி.

இந்த மதர்போர்டிலும், இன்று விற்கும் பெரும்பாலான நான்கு ஸ்லாட் மதர்போர்டுகளிலும் செயலியிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்லாட்டுகளின் வரிசை ஏ1, ஏ2, பி1, பி2. ஏ1, ஏ2 இரண்டும் ஏ சேனலைச் சேர்ந்தவை. பி1, பி2 இரண்டும் பி சேனலைச் சேர்ந்தவை. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால் இரண்டு ராமும் ஒரே சேனலில் விழுந்துவிடுகின்றன. இன்னொரு சேனல் முழுக்கச் சும்மா கிடக்கிறது. ஒரே தெருக்குழாயில் இரண்டு குடம் வைத்தது போலத்தான்: பிடிக்கும் தண்ணீரின் அளவு கூடும், குடம் நிறையும் வேகம் கூடாது.

ஆனால் இங்கே வேகம் கூடாததோடு நிற்கவில்லை, குறைந்தும் போயிருந்தது. அதற்கான விடை லேபிளில் இருந்தது. ராமின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். பழைய ராமில் 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ. புதிய ராமில் 8ஜிபி 1ஆர்எக்ஸ்16 பிசி4-2666வி.

இந்த வரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது பத்து விளம்பரங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும். பிசி4 என்றால் டிடிஆர்4, டிடிஆர் ராமின் நான்காம் தலைமுறை. 3200, 2666 என்பவை வேகம், அதாவது ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு நகரும் என்பது. ஏஏ, வி என்ற எழுத்துகள் தாமதத்தின் தரநிலை. ஏஏ 22-22-22, வி 19-19-19. எண்ணைப் பார்த்தால் 19தான் வேகமானது போலத் தெரியும். ஆனால் கடிகாரத் துடிப்பின் நீளத்தோடு பெருக்கினால் 3200ஏஏவுக்கு 13.75 நானோ வினாடி, 2666விக்கு ஏறத்தாழ 14.25 நானோ வினாடி. கிட்டத்தட்ட சமம்தான்.

அடுத்து 1ஆர்எக்ஸ்8. 1ஆர் என்றால் ஒரே ரேங்க், அதாவது 64 பிட்டைச் சேர்ந்து தரும் சிப்புக் கூட்டம் ஒன்றுதான். எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் தருகிறது. 64 பிட் சேர எட்டுச் சிப்புகள் வேண்டும். ராமைத் திருப்பிப் பார்த்தால் எட்டுக் கறுப்புச் சதுரங்களை எண்ணலாம். எக்ஸ்16 ராமில் நான்கே நான்கு சிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் 16 பிட் தரும். கணக்கு இரண்டிலும் 64தான். ஆனால் டிடிஆர்4இல் எக்ஸ்8 சிப்புக்குள் நான்கு குழுக்களாக 16 வங்கிகள், அதாவது தனித்தனியாகத் திறந்து படிக்கக்கூடிய தரவு அறைகள் உண்டு. எக்ஸ்16 சிப்புக்குள் இரண்டு குழுக்களாக 8 வங்கிகள்தான். ஒரு வங்கி தயாராகும் நேரத்தில் இன்னொன்றிலிருந்து படித்துக்கொள்ளும் வசதி எக்ஸ்16இல் குறைவு. ஆகவே ஒரே வேகம் எழுதியிருந்தாலும் நான்கு சிப் ராம் சற்றுப் பின்தங்கும். விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நடந்ததைக் கோத்துப் பார்க்கலாம். முன்பு ஏ2இல் தனியாக இருந்த 3200 ராமுக்கு உச்ச அளவு, 64 பிட் அதாவது 8 பைட் பெருக்கல் 3200 மில்லியன், வினாடிக்கு 25.6 ஜிபி. வேறுபட்ட இரண்டு ராம்களைச் செருகினால் மதர்போர்டு இரண்டுக்கும் ஒத்துவரும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். 2666இல் ஒரு சேனலின் உச்சம் 21.3 ஜிபி. ஒரே சேனலில் இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மாற்றி ஒன்று கூப்பிட்டுச் சிறிது நேரத்தை மிச்சப்படுத்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் 21.3 என்ற கூரையை அது உயர்த்தாது. 25.6இலிருந்து 21.3, சரியாக ஆறில் ஒரு பங்கு இழப்பு. கையிலிருந்து பணம் கொடுத்து வாங்கிய இழப்பு.

இரண்டு சேனல் இருந்தால் என்ன நடக்கிறது

செயலி நினைவகத்திடம் ஒவ்வொரு பைட்டாகக் கேட்பதில்லை. 64 பைட் கொண்ட ஒரு துண்டாகக் கேட்கிறது. டிடிஆர்4 அதை எட்டுத் தவணையாக, தவணைக்கு 64 பிட் வீதம் தருகிறது. எட்டு எட்டு அறுபத்து நான்கு பைட், துண்டு நிறைந்தது. இரண்டு சேனலிலும் ராம் இருந்தால் ராமை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலர் முகவரிகளை இரண்டு சேனல்களுக்கும் மாறி மாறிப் பங்கிட்டு வைக்கிறது. தொடர்ச்சியான தரவைக் கேட்கும்போது ஒரு பகுதி ஏ வழியாகவும் இன்னொரு பகுதி பி வழியாகவும் ஒரே சமயத்தில் வருகின்றன. 2666இல் 42.7 ஜிபி, 3200இல் 51.2 ஜிபி. இவை தாளில் உள்ள உச்சங்கள். ஐடா64 போன்ற மென்பொருளில் அளந்தால் எப்போதும் இதற்குக் கீழேதான் வரும். ஆனால் ஒரு சேனலுக்கும் இரண்டு சேனலுக்கும் உள்ள விகிதம் அளவீட்டிலும் தெளிவாகவே தெரியும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 2001இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட் டிடிஆர் நினைவகத்துக்கு இரண்டு சேனல் தந்தது. 2003இல் இன்டெலின் 865, 875 சிப்செட்டுகள் வந்தபோது பென்டியம் 4 செயலியை வெளியோடு இணைக்கும் 800 மெகாஹெர்ட்ஸ் தரவுப் பாதை (பஸ்) வினாடிக்கு 6.4 ஜிபி கேட்டது. டிடிஆர் 400 ராம் ஒன்றால் தர முடிந்தது 3.2. இரண்டு சேனல் போட்டால்தான் வரவும் செலவும் சரியாகும். பிறகு மெமரி கன்ட்ரோலர் சிப்செட்டிலிருந்து செயலிக்குள் குடிபுகுந்தது. அதனால்தான் இன்று ஒரு சேனல் காணாமல் போனால் மதர்போர்டை மட்டுமல்ல, செயலியையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகக் கடிக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக நினைவகம் இருக்கும். 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது இல்லை. செயலியோடு சேர்ந்து அதே ராமில்தான் அதுவும் பிழைக்க வேண்டும். நினைவகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜிடி 1030 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒரு நல்ல சாட்சி. அந்தப் பெயரிலேயே இரண்டு கார்டுகள் விற்கப்பட்டன. ஜிடிடிஆர்5 கொண்டதற்கு வினாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 கொண்டதற்கு 16.8 ஜிபி. பெட்டியில் ஒரே பெயர். விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு வெகுவாகப் பின்தங்கியது. நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் 21.3 ஜிபியை வைத்துக்கொண்டு செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் பங்குபோட்டுக்கொண்டிருந்தது.

வீடியோ முன்னோட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு. 4கே படம் ஒன்றில் 3840 பெருக்கல் 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். வண்ணத் திருத்தத்துக்காகப் புள்ளி ஒன்றுக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு 32 பிட் வைத்துக் கணக்கிடும் மென்பொருளில் ஒரு படம் 132.7 எம்பி. வினாடிக்கு 25 படம் என்றால் 3.3 ஜிபி. ஒரு விளைவைச் சேர்க்க அதை ஒருமுறை படித்து ஒருமுறை எழுத வேண்டும், 6.6 ஜிபி. மூன்று விளைவுகள் அடுக்கினால் ஏறத்தாழ 20 ஜிபி. மென்பொருள்கள் சில படிகளை ஒன்றாக இணைத்தும் செயலிக்குள் இருக்கும் சிறு தற்காலிக நினைவகத்தைப் பயன்படுத்தியும் இதைக் குறைத்துக்கொள்ளும். இருந்தாலும் 21.3 என்ற கூரைக்குக் கீழே கல்யாண வீடியோவில் வண்ணம் திருத்தி, மென்மையாக்கி, எழுத்து ஓட்டினால் படம் தடுக்குவதில் வியப்பில்லை.

இடம் மாற்றியதும் வந்த சிக்கல்

வேலை எளிதானது: ஏ1இல் இருக்கும் ராமைக் கழற்றி பி2இல் போட வேண்டும். ஏன் ஏ1, பி1 இல்லாமல் ஏ2, பி2? இரண்டிலும் டூயல் சேனல் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகளில் செயலியிலிருந்து வரும் கம்பித்தடம் முதலில் 1ஆம் ஸ்லாட்டைத் தொட்டு, பிறகு 2ஆம் ஸ்லாட்டில் முடிகிறது. முடிவில் ராம் இருந்தால் சிக்னல் அங்கே போய் அடங்கும். முதல் ஸ்லாட்டில் மட்டும் ராம் இருந்தால் அதற்கு அப்பால் உள்ள வெற்றுத்தடத்தின் முனையில் சிக்னல் மோதித் திரும்பிவந்து தொல்லை கொடுக்கும். வேகம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். மதர்போர்டோடு வரும் கையேட்டில் நினைவகம் என்ற பக்கத்தில் சிறு அட்டவணையாக இதைப் போட்டிருப்பார்கள்: ஒன்று என்றால் ஏ2, இரண்டு என்றால் ஏ2வும் பி2வும், நான்கு என்றால் எல்லாம்.

இந்த மதர்போர்டின் ஸ்லாட்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி உண்டு. மறுமுனை நிலையானது. இந்த வகையில் ராம் ஒரு பக்கம் ‘டிக்’ என்று விழுந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். நிலையான முனையில் தங்க நிறத் தொடுமுனைகளின் விளிம்பு மெல்லிய கோடாக வெளியே தெரிந்தால் அது முழுமையாக இறங்கவில்லை. முதலில் கொக்கியில்லாத முனையை அழுத்தி இறக்கிவிட்டு, பிறகு கொக்கிப் பக்கத்தை அழுத்த வேண்டும்.

முழுமையாக இறக்கிய பிறகு பவர் போட்டோம். திரை கறுப்பு. உரிமையாளரின் முகம் மாறியது. ராம் இடம் மாறினால் மதர்போர்டு ஒவ்வொரு கம்பியின் நேரத்தையும் மறுபடி அளந்து பார்க்கும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். சில சமயம் தானே அணைந்து தானே எழும். இந்த நேரத்தில் பொறுமை இழந்து பவரை நிறுத்துவது கூடாது. டிடிஆர்5 போர்டுகளில் இது நிமிடக்கணக்கில்கூட நீளும். இங்கே சற்று நேரத்தில் திரை வந்தது. ஆனால் விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் தெரிந்தது 8 ஜிபி மட்டும். ஏ2 நிறைந்திருந்தது, பி2 காலி என்று காட்டியது.

இப்போது மூன்று சந்தேகங்கள்: ராம், ஸ்லாட், செயலி. ஊகித்து எதையும் மாற்றக் கூடாது. இரண்டு ராம்களையும் இடம் மாற்றிப் பார்ப்பதே வழி. 3200 ராமை பி2இலும் 2666 ராமை ஏ2இலும் போட்டோம். மறுபடியும் ஏ2 மட்டும் தெரிந்தது, பி2 காலி. ஆக ராம்கள் இரண்டும் நலம், குறை பி பக்கத்தில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல ராம்கள் பழுது என்று முத்திரை குத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுகின்றன என்று நினைத்தால் ஆற்றாமைதான் வருகிறது.

டார்ச் வெளிச்சத்தில் பி2 ஸ்லாட்டுக்குள் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பயன்படாத ஸ்லாட் அது. ஃபேன் காற்று கொண்டுவந்த தூசு நடுப்பகுதியில் பஞ்சு போலப் படிந்து, புதிய ராமைச் செருகியபோது அடியில் அமுங்கிப் படலமாகியிருந்தது. காற்று ஊதி, மென்மையான காய்ந்த தூரிகையால் நீளவாக்கில் துடைத்து, ராமின் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டோம். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கிறது. அது கறையை எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை. முலாம் மெலிந்த ராமில் தங்கப் பூச்சும் தேய்ந்துபோகும். ஆல்கஹால் கிடைக்கும்போது அதுவே மேல்.

மீண்டும் செருகினோம். பயாஸ் 16 ஜிபி காட்டியது, ஏ2வும் பி2வும் நிறைந்திருந்தன. இதிலும் வராமல் போயிருந்தால் அடுத்தது செயலியைக் கழற்றி அதன் அடியில் வளைந்த ஊசி உண்டா என்று பார்ப்பது. ஏஎம்4 செயலியில் ஊசிகள் செயலியிலேயே இருக்கும். கூலரைத் தூக்கும்போது காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு செயலியையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடும். அப்படி வளையும் ஓர் ஊசி ஒரு முழுச் சேனலையே காவு வாங்கலாம். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போது கூலரை இடவலமாக மெல்லத் திருகிக் கழற்றுவது இதற்காகத்தான்.

வேகத்தை எங்கே நிறுத்துவது

இப்போது 2666இல் இரண்டு சேனல், 42.7 ஜிபி. முன்னோட்டம் உடனே மாறியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 3200இல் ஓடக்கூடிய ராம் ஒன்று 2666க்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது.

பயாஸில் 3200 என்று கையால் எழுதி 2666 ராமையும் இழுத்துப் பார்க்கலாம். சில ராம்கள் தாங்கும். விளையாட்டுக்காக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. இது பிறருடைய கல்யாணக் காட்சிகள் வந்து சேரும் கம்ப்யூட்டர். நினைவகத்தில் எப்போதாவது ஒரு பிட் புரண்டால் அது திரையில் தெரியாமல் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது. அதனால் அந்த வழியை நான் ஏற்கவில்லை.

ராமை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்ததால், 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ என்று லேபிளில் உள்ள ராமாக மாற்றித் தருமாறு கடையில் கேட்கச் சொன்னேன். வித்தியாசப் பணம் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டும் ஒரே வகை. பயாஸில் எதையும் தொடாமலே 3200, சிபியு-இசட்டில் 2 x 64 பிட், 51.2 ஜிபி. ரைசனில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. செயலிக்குள் பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழக்கமாக ராமின் கடிகாரத்தோடு சமமாக ஓடும். 1333இலிருந்து 1600க்கு அதுவும் ஏறியது.

வெப்பத்தகடு மாட்டிய, 3200 அல்லது 3600 என்று விளம்பரம் செய்யும் ராம்களில் கதை வேறு. அவை இயல்பாக 2133 முதல் 2666 வரையிலான வேகத்தில்தான் எழும். ராமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பான எக்ஸ்எம்பியை பயாஸில் இயக்கினால்தான் அறிவித்த வேகம் வரும். ஏஎம்டி மதர்போர்டுகளில் அதே வசதி டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்ற பெயரில் இருக்கும். டிடிஆர்5இல் எக்ஸ்போ. பணம் கொடுத்து வேகமான ராம் வாங்கி, இதை இயக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

ஒப்படைக்கும் முன் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் பிழை பூஜ்யம். ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த அமைப்பைக் கொடுத்திருக்க மாட்டேன்.

எதில் மாற்றம் வந்தது, எதில் வரவில்லை

முன்னோட்டம் சீரானது. வண்ணத் திருத்தம் செய்யும்போது திரை கையோடு கூடவே வந்தது. இறுதி வீடியோவை ஏற்றுமதி செய்யும் நேரம் குறைந்தது, ஆனால் முன்னோட்ட அளவுக்கு இல்லை. காரணம், அந்த வேலையில் செயலியின் கணக்குப் போடும் திறன்தான் முதலில் தீர்ந்துபோகிறது. இணையம் பார்ப்பது, கடிதம் தட்டுவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றில் எந்த மாற்றமும் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரே ராம் இருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உரிமையாளர் ஒரு கேள்வி கேட்டார்: பயாஸில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் இடத்தை 2 ஜிபி ஆக்கினால் இன்னும் வேகமாகுமா? ஆகாது. அது இடத்தை ஒதுக்கிவைப்பது மட்டுமே. குறிப்பிட்ட சில மென்பொருள்கள் அவ்வளவு இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும், அதற்கு உதவும். போக்குவரத்து அதே 51.2தான்.

வேறு மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு

இரண்டே ஸ்லாட் உள்ள சிறிய மதர்போர்டுகளில் பெரும்பாலும் குழப்பத்துக்கு வழியே இல்லை. இரண்டிலும் போட்டால் டூயல் சேனல். ஸ்லாட்டுகளுக்கு நிறம் தீட்டியிருக்கும் போர்டுகளில் வழக்கமாக ஒரே நிறமுள்ள இரண்டும் வெவ்வேறு சேனல்கள். ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் எல்லாக் காலத்திலும் அப்படியே செய்யவில்லை. கையேட்டைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் போர்டின் மாடல் எண்ணைப் போட்டால் கிடைக்கும்.

8 ஜிபியோடு 16 ஜிபி சேர்த்தால் டூயல் சேனல் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். முழுதாகக் கெடாது. இரு பக்கமும் உள்ள 8 ஜிபி அளவுக்கு இரட்டையாகவும், மிஞ்சிய 8 ஜிபி ஒற்றையாகவும் ஓடும். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மெமரி என்று பெயர் வைத்திருக்கிறது. சமமான ஜோடி கிடைக்காதபோது இது மோசமான ஏற்பாடு அல்ல.

டிடிஆர்5இல் ஒரு புதுக் குழப்பம். ஒவ்வொரு ராமுக்குள்ளும் 32 பிட் கொண்ட இரண்டு துணைச் சேனல்கள் இருக்கின்றன. ஒரே ஒரு ராம் போட்டாலும் சிபியு-இசட் 2 x 32 பிட் என்று காட்டும். இரண்டு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு டூயல் சேனல் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மொத்தம் 64 பிட்தான். 4 x 32 பிட் என்று வந்தால்தான் இரு பக்கமும் நிறைந்திருக்கிறது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஏ1, பி1 இரண்டும் இப்போது காலி. நாளை 32 ஜிபி வேண்டுமென்றால் அவற்றில் இன்னும் இரண்டு 8 ஜிபி போடுவதைவிட, இருப்பவற்றை விற்றுவிட்டு இரண்டு 16 ஜிபி வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் இந்தச் செயலிக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம், ஒரு ரேங்க் ராம்களுக்கு 3200இலிருந்து 2933 ஆகவும், இரண்டு ரேங்க் ராம்களுக்கு 2667 ஆகவும் இறங்கிவிடும்.